கணக்கை ஊருக்குக் காட்டிய மந்திரி: ஜாக் நெக்கர் (1732–1804)



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கையிருப்பு இவ்வளவு இருக்கும்போது மாதப் பராமரிப்புத் தொகையை ஏன் உயர்த்த வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பொருளாளர் பதில் சொல்வதற்குள் டீயும் வடையும் வந்துவிட்டன; பேச்சு அதோடு நின்றுபோயிற்று. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் ஒரு தேசமே இதே கேள்வியைக் கேட்டது. அதற்குக் காரணமாக இருந்தவர் ஒரு வங்கி குமாஸ்தா. நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் லெட்ஜர் எழுதியவன். அதனால் அவரைப் பற்றி இந்த இதழில் எழுதலாம் என்று தோன்றியது.

அவர் பெயர் ஜாக் நெக்கர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் லேசாக நினைவிருக்கும். ஒரு வரியில் வந்து போயிருப்பார்.

குமாஸ்தாவாகத் தொடக்கம்

நெக்கர் பிரெஞ்சுக்காரர் அல்ல. 1732 செப்டம்பர் 30 அன்று ஜெனீவாவில் பிறந்தவர். அன்று ஜெனீவா ஒரு தனிக் குடியரசு. தந்தை பிரஷ்யப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சட்டப் பேராசிரியர். குடும்பம் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குடும்பம். இந்த இரண்டு விஷயங்களையும், அதாவது அயலூர்க்காரர், வேறு மதப்பிரிவுக்காரர் என்பதை, வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வரை இவை அவருக்கு இடைஞ்சலாக இருந்தன.

பதினாறு வயதுவாக்கில் ஐசக் வெர்னே என்பவரின் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். கணக்கில் கெட்டிக்காரர். இருபத்து நாலு வயதில் தெலுசோன் என்பவரோடு சேர்ந்து பங்குதாரர் ஆகிவிட்டார். தானிய வியாபாரத்திலும், அரசுக் கஜானாவுக்குக் கடன் கொடுப்பதிலும் அவர்கள் வங்கி பெரும் பணம் சம்பாதித்தது. நாற்பது வயதுக்குள் பிரான்சின் பெரும் பணக்காரர்களில் ஒருவராகி, 1772-ல் வங்கித் தொழிலிலிருந்து விலகிக்கொண்டார்.

இடையில் நமக்குத் தெரிந்த ஊர் ஒன்றும் அவர் கதையில் வருகிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராக நெக்கர் இருந்தார். நம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக இருந்தாரே, அதே கம்பெனிதான். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு கம்பெனி நொடித்துப்போயிருந்தது. அதைக் காப்பாற்ற நெக்கர் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. 1769-ல் அரசு அதன் தனியுரிமையை நிறுத்திவிட்டது.

1764-ல் சுசான் குர்ஷோ என்ற பாதிரியார் மகளை மணந்தார். நன்கு படித்த பெண்மணி. ரோமப் பேரரசின் வரலாற்றை எழுதிய எட்வர்ட் கிப்பன் இளம் வயதில் இவரை மணக்க விரும்பி, தந்தை மறுத்ததால் விட்டுவிட்டார் என்பது தெரிந்த கதை. வெள்ளிக்கிழமைதோறும் சுசான் வீட்டில் பாரிஸின் எழுத்தாளர்களும் அறிஞர்களும் கூடுவார்கள். அவர்களுக்கு ஒரே மகள். பிற்காலத்தில் மதாம் த ஸ்தால் என்ற பெயரில் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட எழுத்தாளர் அவர்தான்.

யார் வரி கட்டினார்கள்?

நெக்கர் செய்ததைப் புரிந்துகொள்ள அன்றைய பிரான்சின் வரி முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தாய் என்ற நேரடி வரி இருந்தது. பிரபுக்களும் மதகுருமார்களும் அதைக் கட்ட வேண்டியதில்லை. நிலமும் செல்வமும் அதிகம் இருந்தவர்களுக்கு விலக்கு. உழுகிறவன் கட்ட வேண்டும். நம் குடியிருப்பில் மூன்று படுக்கையறை வீட்டுக்காரர்களுக்கெல்லாம் பராமரிப்புத் தொகை கிடையாது, ஒரு படுக்கையறை வீட்டுக்காரர்கள் மட்டும் கட்டவேண்டும் என்று வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

அதைவிடக் கொடுமை உப்பு வரி. நமக்கு 1930 வேதாரண்யம் தெரியும். பிரான்சில் அதற்கு நூற்றாண்டுகள் முன்பே உப்பு அரசின் ஏகபோகம். அதுவும் நாடு முழுக்க ஒரே விலை இல்லை. பாரிஸைச் சுற்றிய வட பகுதியில் ஒரு குவிண்டால் உப்பு ஏறத்தாழ அறுபது லிவ்ர். பக்கத்திலிருந்த பிரித்தானி மாகாணத்தில் இரண்டு, மூன்று லிவ்ர்தான். வரி அதிகமான பகுதியில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுக்கு ஏழு பவுண்டு உப்பு வாங்கியே தீர வேண்டும். தேவையில்லை என்று சொல்ல முடியாது. எல்லை தாண்டி உப்பு கடத்தியதற்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் நிறையப் பேர்.

லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சு நாணயம். இருபது சூ சேர்ந்தால் ஒரு லிவ்ர். பாரிஸில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் இருபது முதல் முப்பது சூ வரை. அதாவது ஒரு லிவ்ர், அல்லது அதற்குச் சற்று மேல். இனி வரும் கோடிகளைப் படிக்கும்போது ஒரு லிவ்ர் என்றால் ஒரு மனிதனின் ஒரு நாள் உழைப்பு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இந்த மறைமுக வரிகளை அரசே வசூலிக்கவும் இல்லை. அறுபது பணக்காரர்கள் கொண்ட ஒரு குத்தகைக் குழு ஆறு ஆண்டுக்கு ஒருமுறை குத்தகை எடுத்து வசூலித்தது. அரசுக்குக் கொடுத்தது போக மிச்சம் அவர்களுக்கு. அரசுக்கென்று ஒரே கஜானாவும் இல்லை. பல பெட்டிகள், பல காசாளர்கள், ஒவ்வொருவரும் பதவியை விலைகொடுத்து வாங்கியவர். மொத்தத்தில் இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அரசருக்கே சரியாகத் தெரியாது. வெளியே சொல்வதும் கிடையாது. அரசாங்கக் கணக்கு என்பது அரசாங்க ரகசியம்.

சம்பளம் வாங்காத நிதிப் பொறுப்பாளர்

1774-ல் பதினாறாம் லூயி அரசரானார். வயது பத்தொன்பது. அவருடைய முதல் நிதி மந்திரிகளில் முக்கியமானவர் துர்கோ என்ற அறிஞர். தானிய வியாபாரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டால் உற்பத்தி பெருகும் என்பது அவர் கொள்கை. ஆனால் நீக்கிய நேரம் விளைச்சல் குறைந்த நேரம். 1775 வசந்தத்தில் ரொட்டி விலை ஏறி, பாரிஸைச் சுற்றிலும் மாவுக் கலவரங்கள் வெடித்தன. அதே சமயம் நெக்கர் தானிய வியாபாரம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பட்டினியோடு இருப்பவனிடம் சந்தை விதியைச் சொல்லிக் காத்திருக்க வைக்க முடியாது, அரசு தலையிட்டுத்தான் ஆகவேண்டும் என்பது அதன் சாரம். தானிய வியாபாரத்திலேயே பணம் சம்பாதித்தவர் இதைச் சொன்னதால் ஊர் கவனித்தது.

துர்கோ 1776-ல் நீக்கப்பட்டார். அமெரிக்காவில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் தொடங்கியிருந்தது. பிரான்சும் இறங்கப் போகிறது என்பது தெரிந்த விஷயம். கடன் வாங்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஆண்டு இறுதியில் நெக்கர் கஜானாப் பொறுப்புக்கு வந்தார். 1777 ஜூனில் நிதி நிர்வாகம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. ஆனால் புராட்டஸ்டன்ட் என்பதால் மந்திரிப் பட்டம் கொடுக்கவில்லை. தலைமை இயக்குநர் என்று வேறு பெயர். அரசரின் மந்திரி சபையில் உட்காரவும் இடமில்லை. வேலை முழுக்க அவருடையது, நாற்காலி மட்டும் இல்லை. நம்மில் பலர் அலுவலகத்தில் பார்த்ததுதான்.

நெக்கர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதவியில் இருந்தபோது தன் சொந்தப் பணம் 24 லட்சம் லிவ்ரை அரசுக் கஜானாவிலேயே போட்டு வைத்தார். இந்த 24 லட்சம் மறுபடியும் வரும்.

ஐந்து ஆண்டுகளில் அவர் செய்தது கொஞ்சமல்ல. வரி வசூல் மேலதிகாரிகளின் எண்ணிக்கையை 48-லிருந்து 12 ஆகக் குறைத்தார். குத்தகைக் குழுவை அறுபதிலிருந்து நாற்பதாக்கினார். அரண்மனைச் சமையல் பிரிவில் மட்டும் வேலையில்லாமல் சம்பளம் வாங்கிய நானூற்றுக்கும் மேற்பட்ட பதவிகளை ஒரே ஆணையில் ஒழித்தார். 1779-ல் அரசருக்குச் சொந்தமான நிலங்களில் மிச்சமிருந்த பண்ணையடிமை முறையை நீக்க வைத்தார். பெரி மாகாணத்திலும் மேல் கியேன் பகுதியிலும் வரியைப் பங்கிட உள்ளூர்ச் சபைகளை ஏற்படுத்தினார். ஏழைகள் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் நகையையோ துணிமணியையோ வைத்துக் கடன் வாங்க, பாரிஸில் அரசு அடகு நிலையம் தொடங்கியதும் அவர் பொறுப்பிலிருந்த 1777-ல்தான். நகைக்கடன் கவுன்டரில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் இது எனக்குப் பிடித்த செய்தி.

மனைவி சுசான் 1778-ல் ஒரு சிறிய மருத்துவமனை தொடங்கினார். பாரிஸின் பெரிய தர்ம ஆஸ்பத்திரியில் அப்போது ஒரே கட்டிலில் மூன்று நான்கு நோயாளிகள் படுத்திருப்பார்கள். காய்ச்சல்காரர் பக்கத்தில் பிணமும் இருக்கும். சுசானின் மருத்துவமனையில் ஆளுக்கு ஒரு கட்டில். அதை எவ்வளவு சிக்கனமாக நடத்த முடியும் என்று செலவுக் கணக்கோடு அச்சிட்டும் காட்டினார். அந்த மருத்துவமனை இன்றும் நெக்கர் பெயரோடு பாரிஸில் இருக்கிறது. லேனக் என்ற மருத்துவர் 1816-ல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தது அங்கேதான்.

கடனும் முப்பது சிறுமிகளும்

அமெரிக்கப் போரில் 1778-ல் பிரான்சு இறங்கியது. போருக்குப் புது வரி போடவில்லை என்பது நெக்கரின் பெருமை. எல்லாம் கடன். அவர் காலத்தில் வாங்கிய கடன் 50 கோடி லிவ்ருக்கு மேல்.

அதில் பெரும்பகுதி ஆயுள் வட்டிப் பத்திரம். ஓய்வூதியம் வாங்குகிற என் போன்றவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதலை அரசிடம் கொடுத்துவிட வேண்டும், திரும்ப வராது. குறிப்பிட்ட ஒருவர் உயிரோடு இருக்கும் வரை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வரை வட்டி வரும். அவர் இறந்தால் நின்றுவிடும். இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வயது எதுவானாலும் ஒரே வட்டி. எழுபது வயதுக்காரர் பெயரில் போட்டாலும் சரி, ஏழு வயதுக் குழந்தை பெயரில் போட்டாலும் சரி.

ஜெனீவா வங்கிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நல்ல குடும்பத்துச் சிறுமிகளாக, அம்மை வந்து பிழைத்தவர்களாக, ஆரோக்கியமானவர்களாக முப்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் பெயரில் பத்திரங்களை வாங்கி, பங்கு பங்காக ஊருக்கு விற்றார்கள். பத்து ஆண்டில் முதல் வந்துவிடும். அப்புறம் ஐம்பது, அறுபது ஆண்டு லாபம். அந்தச் சிறுமிகளை டாக்டர்கள் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டார்கள். ஒரு சிறுமிக்குத் தலைவலி என்றால் ஊரில் பாதிப் பேருக்குக் கவலை. இந்த வட்டியையெல்லாம் கட்டியது யார் என்றால், உப்பு வரி கட்டிய அதே பிரெஞ்சு விவசாயிதான். நெக்கர் வங்கிக்காரர்; இந்த ஓட்டை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. போருக்குப் பணம் உடனே வேண்டும், கடன் கொடுப்பவன் ஆசைப்பட வேண்டும், அவ்வளவுதான்.

நீல அட்டைப் புத்தகம்

1781 பிப்ரவரியில் நெக்கர் ஒரு காரியம் செய்தார். அரசருக்குச் சமர்ப்பித்த நிதி அறிக்கையை அச்சிட்டுக் கடையில் விற்க வைத்தார். நீல அட்டை போட்ட நூறு பக்கச் சொச்சப் புத்தகம். பிரான்சின் சரித்திரத்தில் அரசாங்க வரவு செலவை ஒரு சாதாரணக் குடிமகன் காசு கொடுத்து வாங்கிப் படித்தது அதுவே முதல் முறை. முதல் நாளே ஆயிரக்கணக்கில் விற்றது. மொத்தம் ஒரு லட்சம் பிரதிகள் வரை போயிற்று என்பார்கள். பாதிரியாரும் கடைக்காரரும் அதைப் படித்துப் பேசினார்கள். எந்த மாகாணத்தில் உப்பு என்ன விலை என்று வண்ணம் பிரித்த வரைபடம்கூட உள்ளே இருந்தது. அரண்மனை வேண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்த ஓய்வூதியம் மட்டும் 2.8 கோடி லிவ்ர் என்று எழுதியிருந்தது. ஒரு நாள் கூலி ஒரு லிவ்ர் என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்.

ஆங்கில அரசுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைப்பதற்குக் காரணம் அங்கே கணக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்படுவதுதான் என்று நெக்கர் நம்பினார். கணக்கைக் காட்டினால் நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்தால் வட்டி குறையும். எந்த வங்கிக்காரரும் இதை மறுக்க மாட்டார்.

ஆனால் அந்தக் கணக்கின் கடைசி வரியில்தான் சிக்கல். வரவு 26.4 கோடி, செலவு 25.4 கோடி, உபரி சுமார் ஒரு கோடி என்று காட்டியிருந்தது. நாடு மிகப் பெரிய போரில் இருக்கும்போது உபரி! எப்படி? அவர் காட்டியது சாதாரண வரவும் சாதாரணச் செலவும் மட்டுமே. போர்ச் செலவு அசாதாரணச் செலவு, அதற்குக் கடன் இருக்கிறது, எனவே இந்தப் பட்டியலில் சேராது. அப்படிப் பிரிப்பது அன்றைய வழக்கம்தான் என்று அவருக்காக வாதாடும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் புத்தகம் வாங்கிய கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? ஒரு கோடி மிச்சம் என்று மட்டும் அவர் மனதில் பதிந்தது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் மார்ச் 31 அன்று மாலை ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்து பெருந்தொகையை டெபாசிட் செய்வார். ஏப்ரல் முதல் வாரத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆண்டுக் கணக்கில் கிளையின் டெபாசிட் இலக்கைத் தாண்டியிருக்கும். வவுச்சர் சரி, லெட்ஜர் சரி, கூட்டல் சரி. ஒரு எழுத்தில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கிளையின் நிலை அது இல்லை. வவுச்சரை எழுதியவன் நான். ஒரு வார்த்தை கேட்டதில்லை. நெக்கரின் உபரியைப் படித்தபோது எனக்கு அந்த மார்ச் மாதங்கள்தான் நினைவுக்கு வந்தன. அதனால் அவரை நான் அதிகம் திட்டுவதற்கில்லை.

வெளியே போனார், திரும்ப அழைக்கப்பட்டார்

புத்தகம் வந்த மூன்றே மாதத்தில், 1781 மே 19 அன்று நெக்கர் ராஜினாமா செய்தார். ஓய்வூதியப் பட்டியல் வெளியானதில் அரண்மனைக்காரர்களுக்குக் கோபம். பதவி இழந்தவர்களுக்குக் கோபம். இனியாவது மந்திரி சபையில் இடம் கொடுங்கள் என்று கேட்டார். மறுக்கப்பட்டது. போய்விட்டார்.

பின்னால் வந்தவர்களுக்குத்தான் கஷ்டம். புது வரி என்று வாயைத் திறந்தாலே, நெக்கர் காலத்தில் உபரி இருந்ததே, அந்தப் பணம் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். 1787-ல் கலோன் என்ற நிதி மந்திரி நாட்டின் முக்கியஸ்தர்களைக் கூட்டி, நிலம் வைத்திருக்கும் அத்தனை பேரும் விலக்கில்லாமல் வரி கட்ட வேண்டும் என்றார். சரியான யோசனை. நெக்கர் காட்டிய உபரி உண்மையில் பற்றாக்குறைதான் என்றும் சொன்னார். யாரும் நம்பவில்லை. நெக்கர் பதில் எழுதி அச்சிட்டார். அரசர் கலோனைப் பதவியிலிருந்து நீக்கினார், நெக்கரைப் பாரிஸை விட்டு வெளியே இருக்கச் சொன்னார். வரிச் சீர்திருத்தம் கிடப்பில் போயிற்று. நெக்கரின் நல்ல எண்ணத்தில் பிறந்த புத்தகம், அவரே விரும்பிய சீர்திருத்தத்துக்கு இப்படிக் குறுக்கே நின்றது.

1788-ல் நிலைமை இப்படி: வரவு 50.3 கோடி, செலவு 62.9 கோடி. செலவில் 31.8 கோடி, அதாவது பாதிக்கு மேல், பழைய கடனுக்கே போயிற்று. ஆகஸ்ட் 16 அன்று அரசு தன் பாக்கிகளில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் காகிதமாகத் தருவோம் என்று அறிவித்தது. திவால் என்பதற்கு அது மரியாதையான பெயர். பத்தே நாளில் நெக்கரைத் திரும்ப அழைத்தார்கள். பத்திர விலைகள் உடனே ஏறின. அவர் பெயருக்கு அவ்வளவு மதிப்பு.

ரொட்டியும் சொந்தப் பணமும்

வந்த நேரம் மோசமான நேரம். ஜூலை 13 அன்று பெய்த ஆலங்கட்டி மழை பாரிஸைச் சுற்றிய வயல்களை அழித்திருந்தது. பின்னால் வந்த குளிர்காலத்தில் சேன் நதி உறைந்துபோயிற்று. நீரோடும் ஆலைகள் நின்றன. இருந்த தானியத்தையும் அரைக்க முடியவில்லை. எட்டு, ஒன்பது சூ விற்ற நான்கு பவுண்டு ரொட்டி 1789 பிப்ரவரியில் பதினாலரை சூ. இருபத்தைந்து சூ சம்பாதிப்பவர் ஒரு ரொட்டி வாங்கினால் பாதிக்கு மேல் போய்விடும். வாடகை, விறகு, துணி எல்லாம் மிச்சத்தில்.

நெக்கர் தானிய ஏற்றுமதியைத் தடை செய்தார். இறக்குமதி செய்கிறவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார். வெளிநாட்டில் அரசே தானியம் வாங்கியது. ஆம்ஸ்டர்டாமின் ஹோப் வங்கி பிரெஞ்சு அரசின் வார்த்தையை மட்டும் நம்பி அனுப்பத் தயங்கியபோது, கஜானாவில் இருந்த தன் சொந்த இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பணத்தை ஜாமீனாக வைத்தார். நம்மில் யாராவது இன்னொருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கையெழுத்தின் கனம் தெரியும்.

1789 மே 5 அன்று நூற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மூன்று பிரிவினரின் பெருஞ்சபை வெர்சாய் நகரில் கூடியது. சாமானியர்களின் பிரதிநிதிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கச் சொன்னவர் நெக்கர். ஆனால் ஓட்டு தலைக்கு ஒன்றா, பிரிவுக்கு ஒன்றா என்பதைத் தீர்த்து வைக்கவில்லை. அன்று மூன்று மணி நேரம் நிதி அறிக்கை வாசித்தார். பாதியில் தொண்டை கட்டி, மிச்சத்தை வேறொருவர் வாசித்தார். எல்லாம் எண்கள். எதிர்காலத்துக்கு வழி கேட்டு வந்தவர்களுக்கு அவர் மறுபடியும் பேலன்ஸ் ஷீட்டைத்தான் கொடுத்தார்.

ஜூலை 11 அன்று, அரசரைச் சுற்றியிருந்தவர்கள் ஜெயித்தார்கள். நெக்கர் சாப்பாட்டு மேசையில் விருந்தினரோடு இருந்தபோது, பதவி விலகி ஓசையில்லாமல் நாட்டை விட்டுப் போகும்படி அரசரின் கடிதம் வந்தது. அவர் யாரிடமும், மகளிடமும்கூட, சொல்லவில்லை. மாலையில் மனைவியோடு காற்று வாங்கப் போவது போல வண்டியேறி, பெல்ஜியம் பக்கம் போய்விட்டார். நினைத்திருந்தால் வழியில் ஊரைக் கூட்டியிருக்கலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செய்தி பரவியது. நெக்கர் போனால் ரொட்டியும் போகும், கடன் பத்திரமும் போகும் என்று ஏழையும் பணக்காரரும் ஒரே நேரத்தில் பயந்தார்கள். குர்த்தியுஸ் என்பவரின் மெழுகுப் பொம்மைக் கூடத்திலிருந்து நெக்கரின் மெழுகுத் தலையை எடுத்து ஊர்வலம் போனார்கள். இரண்டு நாளில், ஜூலை 14 அன்று, பாஸ்தீய் சிறை வீழ்ந்தது. ஒரு கணக்குப்பிள்ளையை வேலை நீக்கம் செய்ததற்கு இப்படி ஒரு விளைவு சரித்திரத்தில் வேறு எங்கும் இருக்குமா தெரியவில்லை. இந்த அமளியில் நெக்கர் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஹோப் வங்கிக்குக் கடிதம் எழுதினார். நான் பதவியில் இல்லாவிட்டாலும் என் ஜாமீன் நிற்கிறது, தானியத்தை நிறுத்த வேண்டாம் என்பது செய்தி.

அரசர் திரும்ப அழைத்தார். பாசல் நகரில் கடிதம் கிடைத்தது. வழியெல்லாம் மாலை மரியாதையோடு பாரிஸ் திரும்பினார். அது அவர் வாழ்வின் உச்சம்.

கடைசி ஆண்டுகள்

இறக்கம் சீக்கிரமே வந்தது. சபை திருச்சபையின் நிலங்களை அரசுடைமையாக்கி, அதை ஈடாகக் காட்டி அசிஞ்ஞா என்ற காகிதப் பணம் வெளியிட்டது. கொஞ்சம் வெளியிடலாம், அளவு மீறினால் மதிப்பு போய்விடும் என்று நெக்கர் எச்சரித்தார். மிராபோ போன்ற பேச்சாளர்கள் முன் அவர் எண்கள் எடுபடவில்லை. 1790 செப்டம்பரில் ராஜினாமா செய்தார். வருந்தி அழைத்த ஊர் இப்போது வாசல்வரை வந்தும் வழியனுப்பவில்லை. ஆர்சி என்ற ஊரில் அவரைப் பிடித்து வைத்து, சபை அனுமதி வந்த பிறகே விட்டார்கள். கஜானாவில் கிடந்த பணத்தைக் கேட்டு வாங்காமலே போனார். அசிஞ்ஞா அவர் சொன்னபடியே ஆயிற்று. 1796-ல் அது வெறும் காகிதம்.

ஜெனீவா ஏரிக்கரையில் கோப்பே என்ற ஊரில் இருந்த மாளிகையில் மிச்ச நாட்களைக் கழித்தார். 1792-ல் பதினாறாம் லூயி விசாரணைக்கு வந்தபோது, தன்னை இருமுறை விலக்கிய அந்த அரசருக்காக ஒரு வாதம் எழுதி வெளியிட்டார். அதற்குப் பலனாகப் பிரான்சில் இருந்த அவர் சொத்து முடக்கப்பட்டது. 1794-ல் சுசான் இறந்தார். நெக்கர் 1804 ஏப்ரல் 9 அன்று ஜெனீவாவில் காலமானார். கோப்பேயில் மனைவி பக்கத்தில் அடக்கம். மகளும் பின்னாளில் அங்கேயே.

அந்தக் கஜானாப் பணம் என்ன ஆயிற்று? புரட்சி போய், நெப்போலியன் போய், மறுபடி அரச குடும்பம் வந்த பிறகு, பதினெட்டாம் லூயி காலத்தில்தான் மகளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு. நம் ஊரில் வராக்கடன் என்று எழுதித் தள்ளியிருப்பார்கள்.

நெக்கர் நல்லவரா, கெட்டிக்காரரா, ஏமாற்றினாரா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எனக்குத் தோன்றுவது இது. கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்த முதல் ஆள் அவர். அதற்குப் பெரிய மனசு வேண்டும். ஆனால் பாதிக் கணக்கைக் காட்டினார். பாதிக் கணக்கு, கணக்கே காட்டாததைவிடச் சில சமயம் அதிகக் கெடுதல் செய்கிறது. கேட்டவர்கள் மீதும் கொஞ்சம் தவறு உண்டு. கடைசி வரியை மட்டும் பார்த்துக் கைதட்டினார்கள்.

நம் சங்கக் கணக்கின் பிரதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. கையிருப்பு முதல் தாளில் இருக்கிறது. இரண்டாம் தாளில் மூன்று விவரங்கள் இருக்கின்றன: இன்னும் வராத பராமரிப்பு பாக்கி, ஆயுள் முடியப்போகும் இரண்டு லிஃப்டுகள், மொட்டை மாடி நீர்க்கசிவுக்கு வாங்கிய மதிப்பீடு. அன்று பின்வரிசையில் கேள்வி கேட்ட அன்பரும் மற்றவர்களும் அதையும் படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொருளாளரிடமும் ஒரு வேண்டுகோள்: இரண்டாம் தாளையும் வாசித்து முடித்த பிறகு டீ கொடுக்கலாம்.